டப்பாக்களுக்குப் பெயர் சூட்டிய கதை

எங்கள் வீட்டுக்கு லேபிள் அடிக்கும் மெஷின் வந்ததற்குக் காரணமே ஒரு தட்டு பஜ்ஜிதான்.

சென்ற வருடம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். என்னவரின் ஆபீஸ் நண்பர் சொல்லாமல் கொள்ளாமல் குடும்பத்தோடு வந்துவிட்டார். வீட்டில் வாழைக்காய் இருந்தது. அவசர அவசரமாக அலமாரியில் மஞ்சளாகத் தெரிந்த மாவு டப்பாவை எடுத்து, உப்பு, மிளகாய்த்தூள் போட்டுக் கரைத்து, பொரித்துத் தட்டில் அடுக்கிக் கொண்டுபோய் வைத்தேன். முதல் பஜ்ஜியை வாயில் போட்டவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மென்று விழுங்கிவிட்டு, “நல்ல வாசனையா இருக்கு சிஸ்டர்” என்றார் பாவம், மரியாதைக்கு.

அது கடலை மாவு அல்ல. என் மாமியார் குளிப்பதற்கென்று பயற்றம்பருப்பும் கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் சேர்த்து அரைத்து வைத்திருந்த மாவு! எனக்கோ அன்று ஜலதோஷம். வாசனை தெரியவில்லை.

அன்று ராத்திரியே கல்லூரியில் படிக்கும் என் மகள் போனைக் கொண்டுவந்து காட்டினாள். “அம்மா, கையடக்கமா ஒரு மெஷின் இருக்கு. போன்ல டைப் பண்ணினா லேபிளா வந்துடும். வாங்கிடலாம்மா” என்றாள். பஜ்ஜி அவமானம் ஆறாத நேரம். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

மறுவாரம் காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினோம். 2021 பிப்ரவரியில் இந்தப் பாதை திறந்ததிலிருந்து எங்களுக்கு அண்ணா சாலை பக்கம் போவது சுலபமாகிவிட்டது. அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்து போய்விடலாம்.

ரயில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டும்போது எனக்குச் சின்ன வயது ஞாபகம் வந்தது. அப்போதெல்லாம் வெளுக்கப் போட்ட துணியின் ஓரத்தில் சேங்கொட்டைப் பாலால் ஒரு குறி இருக்கும். இரண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு கொக்கி, இப்படி ஏதாவது. எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. எந்த வீட்டுத் துணி என்று அதைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். நமக்கு ஒன்றும் புரியாது. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. அது வெளுப்பவர் படிப்பதற்காகப் போட்ட குறி. அன்று இதைச் சும்மா நினைத்துக்கொண்டேன். பின்னால் இதுவே எனக்குப் பாடமாகப் போகிறது என்று தெரியவில்லை.

நம் ஊரில் பெயர் பொறிப்பது ஒன்றும் புதிதல்லவே. பாத்திரக் கடையில் குடம் வாங்கினாலும் கிண்ணம் வாங்கினாலும் பெயர் வெட்டித்தானே கொண்டுவருவோம்? என் அப்பா ஆபீஸிலிருந்து ஒரு தடவை கைத்துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைக் கொண்டுவந்தார். சக்கரத்தைத் திருப்பி அழுத்தினால் வண்ண பிளாஸ்டிக் பட்டையில் வெள்ளையாக எழுத்து எம்பி வரும். டைமோ என்று பெயர். 1958-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த கம்பெனியாம். என் பள்ளிக்கூட டிபன் பாக்ஸில் என் பெயரை ஒட்டிக் கொடுத்தார். ஆனால் எல்லாம் இங்கிலீஷ்தான். இருபத்தாறு எழுத்தும் பத்து எண்ணும் போட்டாலே அந்தச் சக்கரம் நிரம்பிவிடும். நம்முடைய 247 எழுத்துக்கு எங்கே போவது?

ரிச்சி தெருக் கடையில் இரண்டு தினுசு காட்டினார்கள். ஒன்று, மெஷினிலேயே பொத்தான்கள் இருப்பது. அதில் ஆங்கில எழுத்து மட்டும். இன்னொன்று, பொத்தான் எதுவும் இல்லாமல் சோப்புப் பெட்டி மாதிரி இருப்பது. போனில் என்ன எழுதுகிறோமோ அதை அச்சடித்துத் தள்ளும். சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். என் மகள் இரண்டாவதைத்தான் எடுத்தாள். லேபிள் சுருள் இரண்டோடு சேர்த்து 1,850 ரூபாய். “இங்க் எவ்வளவு?” என்று கேட்டேன். கடைப் பையன் சிரித்துவிட்டு, “இதுக்கு இங்க்கே கிடையாதும்மா” என்றார்.

வாஸ்தவம்தான். பேருந்தில் மெஷினில் கிழித்துத் தருகிறார்களே டிக்கெட், பெட்ரோல் பங்கில் தருகிறார்களே ரசீது, அதே வித்தை. தாளின் மேலேயே சூடு பட்டால் கறுக்கும் ஒரு பூச்சு இருக்கிறது. மெஷினுக்குள் குட்டிக் குட்டியாகச் சுடும் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. எங்கே எழுத்து வேண்டுமோ அங்கே சுடுகிறது, கறுக்கிறது. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் எங்களுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. கண்ணாடி டப்பாக்கள் ஒரே அளவில் இரண்டு டஜன் வாங்கினோம். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் கழித்துப் போட்டோம். என் மகள் போனில் அழகழகான ஆங்கில எழுத்துக்களைத் தேர்ந்தெடுத்து அச்சடித்தாள். சர்க்கரை, உப்பு, ரவை, மைதா, எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர். பூ வேலைப்பாடு வேறு. ஸ்விட்ச் போர்டு, சாவிக் கொத்து, தம்பியின் சார்ஜர், எதையும் விடவில்லை. “என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடுங்க, தொலைஞ்சு போயிடப் போறேன்” என்றார் என்னவர்.

அத்தை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சமையலறை வாசலில் நின்று ஒருமுறை பார்த்தார்கள். “நல்லாருக்கு” என்றார்கள். போய்விட்டார்கள்.

அந்த உற்சாகத்தில் நான் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அத்தைக்கு ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, சத்துக்கு ஒன்று. இத்தனை நாளும் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் அட்டையோடு கிடந்தன. பச்சை எழுத்து அட்டை காலையில் சாப்பிடுமுன், நீலக் கோடு போட்டது சாப்பிட்ட பின் என்று அத்தைக்கு ஓர் அடையாளக் கணக்கு. நான் என்ன செய்தேன்? அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்து, மூன்று சின்ன வெள்ளை டப்பாக்களில் போட்டு, பி.பி., ஷுகர், விட்டமின் என்று ஆங்கில எழுத்தில் லேபிள் ஒட்டினேன். அட்டைகளைக் குப்பையில் போட்டேன். என்னமோ பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி ஒரு பெருமை எனக்கு!

அத்தை எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவர்கள். தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை விடாமல் படிப்பார்கள். ஆங்கிலம் தெரியாது. இது எனக்குத் தெரியாத விஷயமா? இருபத்திரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். ஆனாலும் தோன்றவில்லையே!

பத்து நாள் கழித்து எண்ணூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குக் காலையிலேயே போய்விட்டேன். பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து போன். “அத்தைக்கு வேர்த்துக் கொட்டுது, கை கால் நடுங்குது, சீக்கிரம் வாங்க” என்று. நல்லவேளை, அந்தப் பெண் விவரம் தெரிந்தவள். அத்தைக்கு நினைவு இருந்ததால் உடனே சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்திருக்கிறாள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். நாங்களும் கொண்டுபோனோம்.

நடந்தது இதுதான். மூன்று டப்பாவும் ஒரே மாதிரி; இரண்டு மாத்திரைகளும் வெள்ளை, வட்டம். சாப்பிடுமுன் ஷுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்ட அத்தை, சாப்பிட்ட பிறகு ரத்த அழுத்த மாத்திரை என்று நினைத்து மறுபடியும் அதையே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, “என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம்? அட்டை இருக்கா?” என்பதுதான். அட்டை எங்கே இருக்கிறது? குப்பை வண்டியில் போய்ப் பத்து நாள் ஆகிறது! இந்த வகை மாத்திரையின் வேகம் சட்டென்று அடங்காது, சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்று ஒரு ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழுதேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “உன் டப்பாங்க எல்லாம் அழகாத்தாம்மா இருக்கு. எனக்குத்தான் படிக்கத் தெரியலை. நாப்பது வருஷம் நான் பொழங்கின சமையக்கட்டு. இப்ப உப்பு எங்கன்னு பேரனைக் கேட்டு எடுக்கிறேன். அவன் பள்ளிக்கூடம் போயிட்டா நக்கிப் பாத்து எடுக்கிறேன். இதைப் போய் எப்படி உங்கிட்ட சொல்றதுன்னு இருந்துட்டேன்” என்றார்கள்.

என்னைச் சுருக்கென்று குத்தியது. வீட்டை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று வீட்டின் பெரியவரையே அந்நியராக்கிவிட்டேனே! அப்போதுதான் அந்தச் சேங்கொட்டைக் குறி ஞாபகம் வந்தது. குறி போடுவது யார் என்பதா முக்கியம்? அதைப் படித்து எடுக்கப் போவது யார் என்பதல்லவா முக்கியம்?

வீடு திரும்பியதும் முதல் வேலையாக எல்லா லேபிளையும் பிய்த்தெறிந்தோம். பசை போகாத இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்தால் சுத்தமாக வந்துவிடுகிறது. பிறகு, இனிமேல் தமிழ்தான் என்று உட்கார்ந்தோம். அதிலும் ஒரு சோதனை! மகள் ஆசையாக எடுத்த ஒரு எழுத்து வடிவத்தில் ‘கொத்தமல்லி’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறி வந்தது. கடைசியில் அலங்காரம் எதுவும் இல்லாத சாதாரண எழுத்தில்தான் ஒழுங்காக வந்தது. அதிலும் சரிவராவிட்டால், போனில் பெரிதாகத் தமிழில் எழுதி அதைப் படமாக எடுத்துவைத்து, படமாகவே அச்சடிக்கலாம். என் மகன் கண்டுபிடித்த வழி இது.

அடுத்து, எந்தப் பெயரைப் போடுவது? நான் பிறந்த வீட்டில் பெருஞ்சீரகம் என்போம், இங்கே சோம்பு. நான் கொத்தமல்லி என்பேன். அத்தை தனியா என்பார்கள். அத்தையை நாற்காலி போட்டு நடுவில் உட்காரவைத்தோம். ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கிக் காட்ட, அவர்கள் வாயில் என்ன வந்ததோ அதுவே பெயர். “ஆப்ப சோடா”, “ரசத்துக்கு துவரம்பருப்பு”, “பேரனுக்கு பாதாம்”, இப்படி.

எங்கள் ஊர்ப் பெயரே அப்படி வந்ததுதானே! 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்ற ஆங்கிலேயர் காலத்தில் நெசவாளர்களுக்காக ஏற்பட்ட பேட்டை இது. காலெட் பேட்டை என்று வெள்ளைக்காரர் காகிதத்தில் எழுதினார்கள். இங்கே குடியிருந்தவர்களின் நாக்குக்கு அது காலடிப்பேட்டை ஆகிவிட்டது. கவர்னர் வைத்த பெயர் போய்விட்டது. ஜனங்கள் சொன்ன பெயர்தான் இன்றைக்கு மெட்ரோ ஸ்டேஷன் பலகையில் இருக்கிறது.

மாத்திரை விஷயத்தில் நான் கற்றுக்கொண்டதை இளம் தாய்மார்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கிச் சேமித்து வைக்கவே வைக்காதீர்கள். பெயர், அளவு, காலாவதித் தேதி எல்லாம் அதில்தான் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகமாக விற்பனையாகும் 300 மருந்து வகைகளுக்கு உறையிலோ அட்டையிலோ க்யூ.ஆர். கட்டம் அச்சிட வேண்டும் என்று சட்டமும் வந்திருக்கிறது. போனைக் காட்டினால் மருந்தின் விவரம் தெரியும். வெட்டும்போதும் காலாவதித் தேதி இருக்கும் ஓரத்தைக் கடைசியாக மிச்சம் வையுங்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடக் கூடாத மருந்து. இப்போது நான் அட்டையோடு டப்பாவில் போட்டு, வெளியே “சர்க்கரை மாத்திரை, காலை சாப்பிடுமுன், ஒன்று மட்டும்” என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன். டப்பாக்களும் மூன்று நிறம்.

பினாயில், ஆசிட் இவற்றைக் குடிக்கும் ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைத்து லேபிள் ஒட்டிவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு எந்த மொழி லேபிளும் படிக்கத் தெரியாது! அவற்றை வாங்கிய பாட்டிலிலேயே, எட்டாத உயரத்தில், பூட்டி வைப்பதுதான் சரி.

மெஷின் வாங்க நினைக்கிறவர்களுக்கு இன்னும் சில வார்த்தைகள்.

இந்த லேபிள் சூட்டில் பிறந்தது, சூட்டில்தான் கெடும். அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் டப்பாவில் ஒட்டினால் லேபிளே கறுத்துப்போகும். சுடச்சுட டிபன் கட்டும் பாக்ஸிலும் அப்படித்தான். வெயில் படும் ஜன்னலோரத்தில் எழுத்து வெளுத்துவிடும். எண்ணெய் பட்டால் மங்கும். என் ஆவக்காய் ஜாடி லேபிள் இரண்டே மாதத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. மேலே செல்லோடேப் ஒட்டிக் காப்பாற்றலாம் என்று பார்த்தேன். அந்தப் பசையாலேயே எழுத்து இன்னும் மங்கியது. ஊறுகாய்க்கும் எண்ணெய்க்கும் பழையபடி பெயிண்ட் பேனாவால் எழுதுவதே மேல். ரேஷன் கார்டு, பத்திரம் வைக்கும் பெட்டிக்கும் இதை நம்ப வேண்டாம், வருஷக்கணக்கில் நிற்காது.

மளிகைப் பாக்கெட்டை டப்பாவில் கொட்டும்போது காலாவதித் தேதி பாக்கெட்டோடு போய்விடுகிறது. அதனால் நான் பெயருக்குக் கீழே அந்தத் தேதியையும் சேர்த்து அடித்துவிடுவேன். இந்த மெஷினால் எனக்குக் கிடைத்த உண்மையான லாபம் இதுதான். வண்டு விழுந்த ரவையைக் கொட்டுவது நின்றது.

வாங்குமுன் சுருளைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். சில மெஷின்கள் தங்கள் கம்பெனிச் சுருளை மட்டுமே ஏற்கும். மெஷின் மலிவு, சுருள் விலை என்று ஆகிவிடும். சுருள் பெட்டியில் பிஸ்பெனால்-ஏ இல்லை என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த மாதிரித் தாளின் பூச்சில் சேர்க்கப்படும் ரசாயனம் அது. தோல் வழியாக உடம்புக்குள் போகக்கூடியது. ஐரோப்பிய நாடுகளில் 2020 ஜனவரி முதல் இந்த வகைத் தாளில் அது எடையில் 0.02 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். லேபிளைத் தொட்டால் கை கழுவுங்கள். குழந்தையின் பால் பாட்டிலில், வாய் படும் இடத்தில் ஒட்ட வேண்டாம்.

எங்கள் தெருவுக்குக் காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா ஒருவர் உண்டு. அத்தை தன் மாத்திரை டப்பாக்களைப் பெருமையாக எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். “எனக்கும் பிரஷர் மாத்திரை இருக்குது. ஆனா எழுத்தே தெரியாதே கண்ணு, எனக்கு என்னா லேபிள்?” என்று சிரித்தார் அந்த அம்மா. அத்தை விடவில்லை. பேத்தியைக் கூப்பிட்டு, காலை மாத்திரைக்குச் சூரியன், ராத்திரி மாத்திரைக்கு நிலா என்று படமாக அடித்து, அட்டையை வைத்த டப்பாமேல் ஒட்டிக்கொடுக்கச் சொன்னார்கள். அடுத்த வாரம் வந்தபோது ஐந்தாறு நெத்திலி அதிகமாகவே விழுந்தது எங்கள் தட்டில்!

படித்த நான் பத்து நாளில் புரிந்துகொள்ளாததை, ஐந்தாவது படித்த அத்தை ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டார்கள். வீட்டுக்குள் எந்தப் புதுச் சாமானைக் கொண்டுவந்தாலும், “இது வந்ததால் வீட்டில் யாராவது இன்னொருவர் தயவை எதிர்பார்க்கும்படி ஆகிவிட்டதா?” என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், சகோதரிகளே. நான் கேட்காமல் விட்டதற்கு ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது மெஷின் அத்தையின் கையில்தான் இருக்கிறது. பேத்தியின் பழைய போனில் ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தானே அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். முதன்முதலில் தானே அடித்த லேபிளை, குளிக்கிற மாவு டப்பாவில் ஒட்டி, நான் பார்க்கும்படி முன்வரிசையில் வைத்திருந்தார்கள்.

“குளிக்கிற மாவு. பஜ்ஜிக்கு ஆகாது.”